பேரலுக்குப் பிடித்த தோட்டா

போன ஞாயிறு காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு கல்லூரிப் பையன் வந்து, "அண்ணா, பாயின்ட் டூ டூவுக்கு எந்தத் தோட்டா வாங்கலாம்? இருக்கறதுலயே விலை கூடினதை வாங்கிடலாம்னு அப்பா சொல்றார்" என்று கேட்டான். இரண்டு வருடம் ஏர் ரைஃபிளில் சுட்டுவிட்டு இப்போதுதான் தோட்டா போடுகிற .22 அங்குல ரைஃபிளில் 50 மீட்டருக்கு வந்திருக்கிறான். நின்றபடியே பத்து நிமிடம் சொன்னேன், ஆனால் அது போதாது. இதே கேள்வியை வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள், பதில் தெரியாமல் காசைக் கொட்டி மனசு நொந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு முறை நொந்திருக்கிறேன். அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

நல்ல தோட்டா என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழலுக்கு, பிடித்த தோட்டா என்று ஒன்று உண்டு. அதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். விலையை வைத்தோ, நண்பர் சொன்னதை வைத்தோ, போட்டியில் ஜெயித்தவர் பெட்டியை எட்டிப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது.

கீழே கிடந்த ஒரு காலி உறையை எடுத்துப் பையனின் உள்ளங்கையில் வைத்தேன். பித்தளை, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அடியில் மெல்லிய விளிம்பு. அந்த விளிம்பில் ஒரு ஓரமாக, சின்ன உளியால் கொத்தினதுபோல் ஒரு பள்ளம் இருந்தது. "துப்பாக்கியின் ஊசி ஏன் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடித்திருக்கிறது, சொல்" என்றேன். யோசித்தான். பற்றவைக்கிற பிரைமர் கலவை இருப்பதே அந்த மடிந்த விளிம்புக்குள்தான். விளிம்பை ஊசி நசுக்கும்போது அது தீப்பொறியாகி உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. இதைத்தான் ரிம்ஃபயர் என்கிறார்கள். பாயின்ட் டூ டூ லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. இன்றைக்கும் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிளிலும் 25 மீட்டர் பிஸ்டலிலும் இதுதான். 2012-இல் விஜய் குமார் வாங்கிய வெள்ளியும் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வாங்கிய வெண்கலமும் இந்தச் சின்னத் தோட்டாவில் வந்தவைதான்.

சென்டர்ஃபயர் என்றால் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு பிரைமர் பதித்திருக்கும். பெரிய ரைஃபிள்கள், .32 பிஸ்டல் எல்லாம் அப்படித்தான். 25 மீட்டர் சென்டர்ஃபயர் பிஸ்டல் சுடுபவர்கள் .32-இல் முனை தட்டையான வாட்கட்டர் குண்டைத்தான் விரும்புவார்கள், காகிதத்தை கிழிக்காமல் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற தகராறு வராது. ஏர் ரைஃபிளின் குண்டான பெல்லட்டின் மூக்கும் தட்டையாக இருப்பதற்கு அதே காரணம்தான்.

ரிம்ஃபயரில் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் 22 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். டூ டூ ஷார்ட், லாங் ரைஃபிள், மேக்னம் மூன்றும் வேறு வேறு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஷார்ட்தான் சுட்டார்கள், அதற்குப் பிறகு விதி மாறி லாங் ரைஃபிள் வந்தது. பேரலில் என்ன பொறித்திருக்கிறதோ அதே பெயர் பெட்டியிலும் இருக்க வேண்டும். வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

அடுத்து வேகம். வேகமாகப் போனால் நல்லது என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். "ஹை வெலாசிட்டி" என்று போட்ட பெட்டியைப் பார்த்ததும் கை அங்கேதான் போகிறது. இலக்குச் சுடுதலுக்கு அது சரிவராது. ஹை வெலாசிட்டி குண்டு வினாடிக்கு 380 மீட்டர் அளவில் கிளம்பி, காற்றின் தடையில் வேகம் குறைந்து, 50 மீட்டர் போவதற்குள் ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டும்போது குண்டு சற்றுத் தள்ளாடும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் மொத்தமே 10.4 மில்லிமீட்டர், அதில் தள்ளாட்டத்துக்கு இடமே இல்லை. அதனால்தான் மேட்ச் தோட்டாவை எல்லாரும் 320, 330 மீட்டரில் வைத்துக்கொள்கிறார்கள், கிளம்புவதிலிருந்து சேருவது வரை ஒலிக்குக் கீழேயே இருக்கும். நம் ஊர் வெயில் இதில் நமக்கு ஒரு நன்மை செய்கிறது. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும்: 5 டிகிரி குளிரில் 334 மீட்டர், சென்னையின் 32 டிகிரியில் 350. ஆக ஐரோப்பாவில் எல்லைக்குப் பக்கத்தில் போகிற தோட்டா இங்கே நிம்மதியாகப் போகிறது.

ஆனால் வேகத்தைவிட முக்கியம், எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போகிறதா என்பது. இதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாநிலப் போட்டிக்கு, பத்து பெட்டி கொண்ட ஒரு கட்டு, அதாவது 500 தோட்டா, ஒரு கடையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேலே இருந்த பெட்டியைப் பிரித்து ரேஞ்சில் சுட்டுப் பார்த்தேன், அருமையாகப் போனது, திருப்தியாக மூடி வைத்துவிட்டேன். போட்டி அன்று படுத்துச் சுடும் பிரிவு, 60 குண்டு. புள்ளிக் கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளான சைட்டர்களையும் சேர்த்து ஒரு பெட்டி போதாது என்று இரண்டு பெட்டியைத் தோட்டா கட்டையில் அடுக்கி வைத்தேன். முதல் இருபது ஒழுங்காகப் போயின. அப்புறம் ஒன்று நடுவில் விழும், அடுத்தது நேர் மேலே ஒன்பதில் விழும், மறுபடி நடுவில், மறுபடி மேலே. பக்கவாட்டில் நகர்வே இல்லை, ஒரே கோட்டில் மேலும் கீழும். மூச்சா, ஸ்லிங் தளர்ந்ததா, கன்னம் வைக்கும் இடமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. முடித்துவிட்டு வந்து காலிப் பெட்டிகளை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டிலும் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண், வேறு, பக்கத்தில் அச்சிட்டிருந்த வேகமும் வேறு: ஒன்றில் வினாடிக்கு 1,052 அடி, இன்னொன்றில் 1,085. அந்தப் பத்து பெட்டிக் கட்டைப் பிரித்து, நாலு பெட்டியை வேறு லாட்டிலிருந்து எடுத்துச் சொருகி, திரும்ப ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

33 அடி என்றால் 10 மீட்டர் வேக வித்தியாசம். குண்டு 50 மீட்டர் போய்ச் சேர ஏறத்தாழ 0.16 வினாடி ஆகிறது, அதற்குள் புவியீர்ப்பில் 12 சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. வேகம் 10 மீட்டர் கூடினால் அந்த இறக்கம் 8 மில்லிமீட்டர் போலக் குறைகிறது. ரைஃபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சரியாக 8 மில்லிமீட்டர். நான் பார்த்த பத்தும் ஒன்பதும் அந்தக் கணக்குதான். அன்றிலிருந்து, கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பத்து பெட்டியையும் கவுன்டரிலேயே திருப்பிப் பார்த்து லாட் நம்பர் ஒன்றுதான் என்று உறுதி செய்யாமல் நான் காசு கொடுப்பதில்லை.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரே பிராண்டை 500 வாங்காதீர்கள். எஸ்.கே., லாபுவா, ஈலி, ஆர்.டபிள்யூ.எஸ். என்று கிடைப்பதில் நாலு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். எல்லா நேரமும் எல்லாம் கிடைக்காது என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம், கிடைத்ததை வைத்துச் சோதிக்கலாம். எப்படி வாங்கினாலும் ஒவ்வொருவர் லைசன்ஸிலும் பதிவாகிற கணக்கு சரியாக இருக்க வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். ரைஃபிளை முன்பக்கம் மணல் மூட்டையில் தாங்கிவைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்து குண்டு கொண்ட குரூப் மூன்று சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். ஐந்து குண்டு குரூப்பை நம்பாதீர்கள், அது ஆளை ஏமாற்றும். ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பதினைந்து இருபது குண்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு பிராண்டுக்குப் பிராண்டு வேறு, பழைய மெழுகு போய் புதியது பேரலில் படிகிற வரை குண்டுகள் அலையும். இதைத் தெரியாமல் நல்ல தோட்டாவை "சரியில்லை" என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

என் ரைஃபிளில் நடுத்தர விலைத் தோட்டா ஒன்று, அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள ஒன்றைவிடச் சின்ன குரூப் போட்டது. இன்னொரு லாட்டில் இது தலைகீழாகவும் ஆகியிருக்கிறது. அதனால்தான் பெரிய ஆட்கள் பேரலைக் கையோடு எடுத்துக்கொண்டு பர்மிங்காமில் ஈலியின் சோதனை ரேஞ்சுக்கோ, ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவாவிடமோ போய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, ஒரே லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நாம் செய்வதும் அதுதான், சின்ன அளவில். சிலர் ஒவ்வொரு தோட்டாவையும் தராசில் எடைபோட்டுப் பிரிப்பார்கள். என் அனுபவத்தில் அந்த நேரத்துக்குத் தோட்டா இல்லாமல் விசையை மட்டும் இழுக்கும் டிரை ஃபயர் பயிற்சி செய்தால் அதிக புள்ளி வரும்.

ஏர் ரைஃபிள்காரர்களுக்கும் இதே கதைதான். பெல்லட் தலையின் அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். ரைஃபிளுக்கு 0.53 கிராம் போல, பிஸ்டலுக்குக் கொஞ்சம் லேசானது. 10 மீட்டர் ரைஃபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, அதனால் தலை அளவைச் சோதிக்காமல் டப்பா டப்பாவாக வாங்காதீர்கள். பெல்லட் மென்மையான ஈயம், கீழே விழுந்ததை எடுத்துப் போடவும் கூடாது.

ஷாட்கன் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் நண்பர்களிடம் கற்றதை மட்டும் சொல்கிறேன். 12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகச் செய்தால் ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அந்தக் குழல், 18.5 மில்லிமீட்டர். போட்டித் தோட்டாவில் 24 கிராம் ரவை, அதாவது சின்ன ஈய உருண்டைகள்தான் அனுமதி. ட்ராப்புக்கு ஏழரை நம்பர், 2.4 மில்லிமீட்டர், ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 300 ரவை இருக்கும். ஸ்கீட் பக்கத்திலேயே பறக்கிற தட்டு என்பதால் ஒன்பதாம் நம்பர், 2 மில்லிமீட்டர், ஏறத்தாழ 500. புனேயின் கட்கி தொழிற்சாலையில் செய்யும் சக்திமான் தோட்டாக்களை நம் ஊரில் தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தால் தோட்டா உட்காரும் சேம்பரின் நீளம் 65 மில்லிமீட்டரா 70-ஆ என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் புதுத் தோட்டாவைப் போடாதீர்கள். 12 போர் பையில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும், காலி என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சளாகச் செய்வதே இதற்காகத்தான்.

சுடும்போது "டக்" என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது வினாடி காத்திருங்கள், கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். வழக்கத்தைவிட மெலிதாக "புஸ்" என்று கேட்டால் இன்னும் கவனம்: குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், பார்க்காமல் அடுத்ததை ஏற்றவே கூடாது. போட்டி நேரம் போகிறதே என்று யாரும் அந்த அவசரத்தைக் காட்ட வேண்டாம்.

அப்புறம் சென்னை. அக்னி நட்சத்திரத்தில் மூடிய காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மருந்து சூடானால் வேகம் கூடும், மெழுகு இளகி உறையெல்லாம் பிசுபிசுக்கும், அதில் தூசி ஒட்டும், அந்தத் தூசி நேராகப் பேரலுக்குள் போகும். நான் தெர்மாகோல் பெட்டியில் எடுத்துப் போகிறேன், ஐஸ் இல்லாமல். ஏசி அறையிலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்காமல் அரை மணி நேரம் மூடியபடியே வைத்தால் பித்தளையில் ஈரம் பூக்காது. வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும். குண்டிலும் ஈயம், பிரைமர் புகையிலும் ஈயம்.

பையன் நேற்று போன் செய்தான். மூன்று வகை கிடைத்திருக்கிறதாம், லாட் நம்பரையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், கடல் காற்று எழும்புவதற்கு முன் மூன்று வகையையும் சுட்டு முடித்துவிட வேண்டும்.