கென்யா சஃபாரி போகிறவர்களுக்கு: நாங்கள் போய் வந்த வழி

கென்யாவுக்கு விமான டிக்கெட் போடும் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு நாள் வாங்கிவிடுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கொடுத்தால் கடைசி நேரத்திலும் நடந்துவிடும். ஊசி அப்படி இல்லை. போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அது கையில் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பி வந்து இறங்கினால், ஆறு நாள் வரை தனிமையில் வைக்க நம் விமான நிலைய சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசி கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. நாங்கள் கிண்டிக்குப் போனோம். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் ஆட்களைச் சேர்த்து வைத்துத்தான் போடுகிறார்கள். நினைத்த நாளில் போய் நிற்க முடியாது. அசல் பாஸ்போர்ட் கட்டாயம். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாமியாருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் அந்த வயதுக்காரர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் சம்மதிப்பார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முன்பே காட்டி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு கடிதம் வாங்கிப் போனது உதவியது. கையில் தரும் மஞ்சள் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண்ணும் முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

விசா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஜனவரியில் கென்யா விசாவை எடுத்துவிட்டு ஈ-டிஏ என்ற மின்னணு அனுமதியைக் கொண்டுவந்தது. கட்டணம் முப்பது டாலருக்குச் சற்று மேல். பாஸ்போர்ட், புகைப்படம், தங்குமிட பதிவு, திரும்பி வரும் டிக்கெட் இவற்றை ஏற்றினால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். அரசுத் தளம் மாதிரியே வேடம் போட்டு இரண்டு மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி 'டாட் ஜிஓ டாட் கேஇ' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எப்போது போவது என்பதில் நம்மூர்ப் பள்ளி விடுமுறைக்கும் அந்த ஊர் வானிலைக்கும் ஒத்து வராது. நமக்குப் பெரிய லீவு ஏப்ரல், மே. அங்கே மார்ச்சிலிருந்து மே வரை பெருமழைக் காலம். நாங்கள் போன மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் பல இடங்களில் கரிசல் மண். நனைந்த கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்று கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மே மாதம் விலை குறைவு என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டுவார்கள். குறைவுதான், ஆனால் பாதி நாள் சேற்றில் போய்விடலாம், புல்லும் உயரமாக வளர்ந்து மிருகங்களை மறைத்துவிடும். நாங்கள் காலாண்டுத் தேர்வு விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனம்) கூட்டம் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மாராப் பக்கம் வந்திருக்கும் காலம் அது. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள். மகன் ஒன்பதாவது படிக்கிறான் என்பதால் பள்ளியில் ஓரிரு நாள் கூடுதல் லீவு கேட்டதிலும் பெரிய பிரச்சினை வரவில்லை.

அந்த சீசனுக்கு ஒரு விலை இருக்கிறது. மாசாய் மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024-இல் வந்த மாற்றம் இது. மூன்று பெரியவர்கள் மூன்று நாள் என்றால் கேட்டிலேயே 1,800 டாலர். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் மிகக் குறைவானதைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். கீழே சின்ன எழுத்தில் 'பார்க் கட்டணம் தனி' என்று இருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியலிலேயே அதுதான் அதிகம்.

எனவே எந்த ஏஜெண்டிடமும் விலை கேட்கும் முன் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பார்க் கட்டணம் சேர்த்தா? எத்தனை நாளுக்கு? டிக்கெட் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைதான் செல்லும். உள்ளே தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் காலை பத்து மணிக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். தங்குமிடம் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா? வண்டி லேண்ட் குரூசர் என்ற பெரிய ஜீப்பா, மேற்கூரை தூக்கிக்கொள்ளும் வேனா? வண்டி நமக்கு மட்டுமா, வேறு ஆட்களும் வருவார்களா? ஒவ்வொருவருக்கும் ஜன்னல் உண்டா? கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்த ஏஜெண்டை நாங்கள் விட்டுவிட்டோம். நடு சீட்டில் மாட்டிக்கொண்டால் சிங்கத்தைவிட முன்னால் இருப்பவரின் தொப்பிதான் நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் திடமான கருத்து. நைரோபி, அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா என்று ஒரே வாரத்தில் ஐந்து இடம் காட்டும் திட்டங்கள் பிரமாதமாகத் தெரியும். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், மணி நேரத்தைப் பாருங்கள். நைரோபியிலிருந்து மாராவுக்கே ஐந்து ஆறு மணி நேரம். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் அரை நாளுக்கு மேல் சாலையில் போய்விடும். மிருகங்கள் நடமாடுவது விடிகாலையிலும் மாலையிலும். அந்த நேரத்தில் நாம் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தால் என்ன பயன்? நாங்கள் மாராவில் மட்டும் நிறைய நாள் தங்கினோம். நைரோபி தேசியப் பூங்காவை, 1946-இல் தொடங்கியது, தலைநகரின் ஓரத்திலேயே இருப்பதால் விமானத்துக்கு முன் அரை நாளில் பார்த்துக்கொண்டோம். காண்டாமிருகம் அங்கேதான் எங்களுக்குக் கிடைத்தது, பின்னால் நகரத்துக் கட்டடங்கள் தெரிய.

பெட்டி கட்டுவதில் நம் வழக்கங்கள் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை. 2020 ஜூனிலிருந்து பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதற்கும் அனுமதி இல்லை, தண்ணீர் பாட்டில் உட்பட. செருப்பை ஒரு கவரில், ஈரத்துணியை ஒரு கவரில், பருப்புப்பொடியை மூன்று கவரில் என்று சுற்றுகிற ஆட்கள் நாம். மாமியார் எல்லாவற்றையும் மஞ்சப்பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் மாற்றிக் கட்டினார். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துக்கொண்டோம், தங்கும் கூடார விடுதியில், அதாவது கேம்பில், நிரப்பித் தருகிறார்கள். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் மாரா போவதாக இருந்தால் கைப்பை உட்பட 15 கிலோதான், அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம் என்பார்கள். நாங்கள் சாலை வழி போனதால் அந்தக் கவலை இல்லை.

துணி விஷயத்தில் பலர் ஏமாறுவது குளிரில். ஆப்பிரிக்கா என்றதும் வெயில்தான் ஞாபகம் வருகிறது. நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாராவும் 1,500 மீட்டருக்கு மேல்தான். விடிகாலை கூரை திறந்த வண்டியில் நிற்கும்போது கொடைக்கானல் குளிர். மப்ளர், ஸ்வெட்டர் வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். கருப்பு, அடர் நீலத் துணி வேண்டாம், செட்சி என்ற கடிக்கும் ஈக்களை இழுக்கும். ராணுவச் சீருடை மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும் பேண்ட் மகனிடம் இருந்தது; கென்யாவில் அதைப் போட சட்டப்படி அனுமதி இல்லை என்பதால் வீட்டிலேயே விட்டோம். பிளக் பிரிட்டனில் உள்ளது போல மூன்று செவ்வக முனை கொண்டது. அடாப்டர் வாங்கி வையுங்கள். மலேரியா மாத்திரை டாக்டர் எழுதித் தந்தது, திரும்பி வந்தபிறகும் ஒரு வாரம் சாப்பிட வேண்டியிருந்தது. ஊருக்கு வந்துவிட்டோம் என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

நைரோபியிலிருந்து மாரா போகும் வழியே ஒரு காட்சி. மேட்டுநிலம் திடீரென்று முடிந்து கீழே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு விரிகிறது. மாய் மஹியூ இறக்கத்தில், இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்க் கைதிகள் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் ஒன்று சாலையோரமாகவே நிற்கிறது. நரோக் ஊரில் டீசல், கழிப்பறை, ஏடிஎம் எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பெரிய ஊர் கிடையாது. மாராவின் செகெனானி கேட்டில் ஓட்டுநர் டிக்கெட் வேலையாகப் போகும்போது மாசாய்ப் பெண்கள் மணி வளையல்களோடு ஜன்னலைச் சூழ்ந்துகொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் மணிக்கட்டில் ஒரு வளையல் ஏறியிருக்கும். மாமியார் அவர்களிடம் தமிழிலேயே பேரம் பேசினார். விலை பாதியானது என்பது வேறு விஷயம்.

கேம்பில் முதல் ராத்திரி. போர்வைக்குள் காலை நீட்டிய மாமியார் "அய்யோ, உள்ளே ஏதோ உசிரோட கிடக்கு" என்று அலறிக் கட்டிலிலிருந்து குதித்துவிட்டார். கணவர் டார்ச் அடித்துப் போர்வையை விலக்கினார். துணி உறை போட்ட வெந்நீர்ப் பை. குளிருக்காக சாயங்காலமே மெத்தையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக நடக்க விடமாட்டார்கள். டார்ச்சோடு காவலர் வந்து கூட்டிப்போவார், வேலி கிடையாது, நீர்யானைகள் ராத்திரியில் மேயக் கரையேறும். பல கேம்புகளில் மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம்தான். கேமரா பேட்டரியை எப்போது சார்ஜ் போடலாம் என்று போனதும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்து ஜிப்பை முழுசாக மூடாமல் வெளியே போனால் குரங்குகள் உள்ளே புகுந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மாத்திரை டப்பாவையும் திறந்து பார்க்கும்.

சைவச் சாப்பாடு கஷ்டமே இல்லை. ரயில்பாதை போட்ட காலத்திலிருந்து இந்தியர்கள் வாழும் நாடு. சப்பாத்தியும் சமோசாவும் அங்கே உள்ளூர் சாப்பாடாகவே ஆகிவிட்டன. பீன்ஸ் குழம்பு, சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியல், உகாலி என்ற சோள மாவுக் களி. களி சாப்பிட்டு வளர்ந்தவர் என்பதால் மாமியாருக்கு உகாலி பிடித்துவிட்டது, ஊறுகாய் மட்டும் நம்முடையது.

காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். ஓட்டுநர்தான் சஃபாரியே. எங்கள் ஓட்டுநர் ரேடியோவில் கேட்பதைவிடப் பறவைகளைப் பார்த்து அதிகம் கண்டுபிடித்தார். கழுகுகள் மரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் கீழே இரையின் மேல் இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தமாம். போய்ப் பார்த்தால் இரண்டு சிங்கங்கள். பாதையை விட்டு விலகிப் புல்வெளிக்குள் வண்டியை விடச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். காப்பகத்துக்குள் அது தடை, மாட்டினால் அபராதம். மாரா ஆற்றுக்கு மேற்கே மாரா ட்ரையாங்கிள் என்ற பகுதியில் ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும் என்று விதி. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் தங்குங்கள், அல்லது மாசாய் மக்களின் நிலத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் கன்சர்வன்சிகளைப் பாருங்கள். அங்கே இரவு சஃபாரியும் உண்டு, செலவும் அதற்கேற்ப.

வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் பொறுமை வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட் கரையில் வந்து நெருக்கி நின்றன. இடைவிடாத 'ங்ஙு ங்ஙு' முனகல், மூக்கை அடைக்கும் புழுதி. முன்னால் நின்ற ஒன்று தண்ணீர் வரை இறங்கி, மோந்து பார்த்து, திரும்பியது. உடனே மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிற்று. மறுபடி வந்தன. மறுபடி திரும்பின. வெயில் ஏறியது, மகன் தூங்கியே விட்டான். மூன்றாவது முறை ஒரு வரிக்குதிரை இறங்கியது, அவ்வளவுதான், பின்னால் அணை உடைந்த மாதிரி கூட்டம் கொட்டியது. முதலை ஒரு கன்றின் காலைப் பிடித்தது. அது எப்படியோ உதறிவிட்டுக் கரையேறி நொண்டிக்கொண்டே ஓடியது. காத்திருந்தும் கடக்காமல் போகும் நாட்களும் உண்டு. ஒரே ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பெண்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடும் விஷயம் கழிப்பறை. ஆறு மணி நேரம் வெளியே இருப்போம். "டயர் பார்க்கணும்" என்று சொன்னால் ஓட்டுநருக்குப் புரியும். சுற்றிலும் பார்த்துவிட்டுத் திறந்த வெளியில் வண்டியை நிறுத்துவார், வண்டி மறைவிலேயே முடித்துக்கொள்ள வேண்டும், புதருக்குப் போகக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் சமாளிக்க மட்டும் பார்க்காதீர்கள், அந்தப் புழுதியில் தலைவலி வந்துவிடும். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு லேண்ட் குரூசரின் படி உயரம். ஒரு சின்ன முக்காலி கேட்டால் கேம்பில் தருகிறார்கள். குலுக்கலை ஓட்டுநர்கள் 'ஆப்பிரிக்கன் மசாஜ்' என்பார்கள். பின் சீட்டில் மசாஜ் அதிகம், பெரியவர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

ஓட்டுநருக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம், வண்டிக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது டாலர் என்று கணக்கு வைத்துக் கடைசி நாளில் உறையில் போட்டுக் கொடுத்தோம். கிழிந்த, கறை படிந்த, ரொம்பப் பழைய டாலர் நோட்டை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள், ஊரிலேயே புது நோட்டாகக் கேட்டு மாற்றுங்கள். கடைகளில் எம்-பெசாதான் ஓடுகிறது, நம் ஜிபே மாதிரி.

அப்புறம், மாராவிலிருந்து அப்படியே எல்லை தாண்டி செரங்கெட்டியும் பார்த்துவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே புல்வெளிதான், நடுவில் வேலி இல்லை, மிருகங்கள் போகலாம். நாம் போக முடியாது. நேராக எல்லை தாண்டும் பாதை சுற்றுலாப் பயணிகளுக்கு 1977-இலிருந்து மூடிக் கிடக்கிறது. மேற்கே இசெபானியா வழியாகச் சுற்ற வேண்டும், தான்சானியா விசாவும் தனி. நேரம் குறைவென்றால் ஏதாவது ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரியில்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள் தான்சானியாவையே எடுக்கலாம், தெற்கு செரங்கெட்டியின் ண்டுட்டு பக்கம் வில்டபீஸ்ட் குட்டி போடும் பருவம் அது.