புதன்கிழமை பாத்தாங்

புதன்கிழமைகளில் மனைவிக்கு மதிய ஷிஃப்ட். மருத்துவமனையிலிருந்து அவள் வீடு வந்து சேர இரவு பத்து ஆகிவிடும். அன்றைக்கு அடுப்பு என் பொறுப்பு. வேலை முடிந்து நான் சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஆறே முக்கால். அம்மா ஏழரைக்குள் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். மகளோ அதற்கு முன்பே பசி என்று வந்து நிற்பாள். ஆகவே, ஒரே சட்டியில் முடிகிற மீன்.

மீனைச் சனிக்கிழமையே தேக்கா சந்தையில் வாங்கி வைத்துவிடுவேன். எப்போதும் பாத்தாங்தான், ஊரில் வஞ்சிரம் என்போமே, அதேதான். நடு முள்ளை எடுத்துவிட்டால் மகள் பயமில்லாமல் சாப்பிடுவாள். கடைக்கார அங்கிள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "காரியா, கோரேங்கா?" என்று கேட்பார். குழம்புக்கு என்றால் தடிமனாக, பொரிக்க என்றால் மெல்லிசாக வெட்டுவார். எனக்கு இரண்டுக்கும் நடுவில், ஒரு விரல் கனம் போதும். நான்கு நான்கு துண்டாகப் பையில் போட்டு உறையவைத்து, புதன் காலை ஒரு பையைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். மாலைக்குள் நன்றாக இளகி, நீரும் விட்டிருக்கும். அந்த நீரை டிஷ்யூவால் ஒற்றி எடுத்தே ஆகவேண்டும். ஈரத்தோடு போட்டால் மீன் சிவக்காது, தோல் அடியில் ஒட்டிப் பிய்ந்துவிடும்.

அப்புறம் மசாலா. இதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துப்போவதில்லை. "மொளகாத்தூள் தடவாம மீன் வறுக்கிறத இப்பத்தாண்டா பாக்குறேன்" என்பார். வறுவல் மட்டும் என்றால் அவர் சொல்வதே சரி. ஆனால் அதே சட்டியில் குழம்பும் கொதிக்க வேண்டுமே. தடவிய தூள் உதிர்ந்து எண்ணெயில் கருகினால் அந்தக் கசப்பு முழுக்கக் குழம்பில் இறங்கும். ஆரம்பத்தில் ஒரு புதன்கிழமை அப்படித்தான் ஆயிற்று. மகள் இரண்டு வாயோடு தட்டை நகர்த்திவிட்டுத் தயிர்சோறு சாப்பிட்டுத் தூங்கப் போனாள். எனக்கு இரவெல்லாம் மனசு உறுத்தியது. அன்றிலிருந்து மீனுக்கு மஞ்சளும் உப்பும் மட்டும்.

சட்டி நன்றாகக் காய்ந்ததும் நல்லெண்ணெய் மூன்று கரண்டி. மீனைப் போட்டபின் நான்கு நிமிடம் தொடவே கூடாது. அடிப்புறம் சிவந்ததும் அதுவாகவே சட்டியை விட்டுக் கழன்றுவரும். வராவிட்டால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். திருப்பி இரண்டு நிமிடம். உள்ளே அரைவேக்காடாக இருக்கும்போதே தட்டில் எடுத்து வைத்துவிடுவேன்.

அதே எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு. கூடவே காம்பு நறுக்கிய முழு வெண்டைக்காய். மீன் தலைக் கறியில் மகள் முதலில் தேடுவது அதைத்தான், அதனால் இதிலும் போடுகிறேன். எண்ணெயில் வதங்கிப் புளியும் சேர்ந்தால் வழவழப்பு தெரியாது. தக்காளி நீர் விடும்போது அடியில் பிடித்திருக்கும் மீன் துணுக்குகளைச் சுரண்டிக் கிளறவேண்டும். குழம்பின் ருசியே அதில்தான் இருக்கிறது. தீயைக் குறைத்து மீன் மசாலாத்தூள் இரண்டு கரண்டி, அரை நிமிடத்தில் நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல். பச்சை வாடை போனதும் பெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி ஊற்றி மீனை அடுக்கி, மூடிபோட்டுச் சிறுதீயில் ஐந்து நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும்.

ஏழு இருபதுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். அம்மா இப்போதும் முதல் வாயில் உறைப்பு போதவில்லை என்பார், அப்புறம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பார். நான்காவது துண்டு சட்டியிலேயே இருக்கும். பத்து மணிக்குக் கீழே லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது மனைவி செய்தி அனுப்புவாள். உடனே அடுப்பைப் பற்றவைப்பேன். அவள் கதவைத் திறக்கும்போது குழம்பு சூடாக இருக்கவேண்டும்.