ஒரு புடைப்பின் பெயர் டெல்டா

நேற்று ராத்திரி தூங்கப் போகிற நேரத்தில் ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், தூக்கம் போச்சு. பையான் என்ற குட்டித் துகளைப் புரோட்டான் மேல் மோதவிட்டு, மோதலின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மோதல் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று காட்டும் கோடு மெல்ல ஏறி, 1232 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே குன்று போலப் புடைத்து, மறுபடி இறங்குகிறது. அந்தப் புடைப்புதான் டெல்டா துகள். 1952-இல் சிகாகோவில் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு பார்த்தது அந்த ஏற்றத்தை மட்டும்தான்.

இதன் ஆயுள்? ஒளி ஒரு புரோட்டானைக் கடக்கும் நேரம், ஏறக்குறைய. இதைத் துகள் என்று சொல்லவே எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

புடைப்பு அகலமாக இருந்தால் அற்பாயுசு. ஊசி போல ஒல்லியாக இருந்தால் தாக்குப்பிடிக்கிறது என்று அர்த்தம். 1974 நவம்பரில் இரண்டு குழுக்கள் அறிவித்த ஜே/சை என்ற துகள் அப்படித்தான், டெல்டாவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் ஒல்லி. உள்ளே ஒரு சார்ம் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும். (புரோட்டான் மாதிரித் துகள்களுக்குள்ளே இருக்கும் அடிப்படைத் துகள்தான் குவார்க்; சார்ம், அப் எல்லாம் அதன் வகைகள்.)

சரி, டெல்டாவுக்கே வருகிறேன். அதில் இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட வகையில் மூன்றும் அப் குவார்க், மூன்றின் சுழற்சியும் ஒரே திசை. ஒரே மாதிரிக் குவார்க்குகள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்கிற பௌலி விதிப்படி இது நடக்கவே கூடாது! இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் குவார்க்குகளுக்கு ‘நிறம்’ என்று ஒரு புதுக் குணத்தைச் சேர்த்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம். நிஜ நிறம் இல்லை, பேர்தான் அப்படி.