பழைய பிக்கப் வண்டி ஆடுதா? முதலில் எங்கே ஆடுதுன்னு பாருங்க

ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம் அல்லது புரோப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு). பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் பிரேக் டிஸ்க்தான், டயர் கடைக்கு ஓடவேண்டாம்.

பினாங்கு பாலிக் புலாவ் தோட்டத்துக்குப் போய்வரும் வண்டியா? ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டிய சேற்றை முதலில் கழுவுங்க. சக்கர பேலன்சிங் (எடையைச் சமன்செய்வது) காசு மிச்சமாகலாம். அடுத்து டயர் தேதி: டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி 4 இலக்கம் 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் உள்ளே இருக்கும் கம்பி பெல்ட் பிரிந்து டயர் புடைத்திருக்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கண்ணுக்கே தெரியும்.

பிளஸ் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அதிர்வு வந்தால், கியரை மாற்றி அதே வேகத்தில் ஓட்டுங்க. அதிர்வு அப்படியே இருந்தால் எஞ்சின் காரணமில்லை.

கிளம்பும்போது மட்டும் ‘கடகட’ என்று உதறினால் ஷாஃப்ட் பக்கம் போங்க. சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, யூ-ஜாயிண்டின் (ஷாஃப்டின் முனையில் உள்ள சிலுவை மூட்டு) இரு பக்கத்தையும் எதிரெதிராகத் திருகுங்க. துளி ஆட்டமும் கூடாது. ஜாயிண்ட் மூடி ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்டில் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல்தான்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஸ்லிப் மூட்டிலும் (பல்வரிசையில் உள்ளே வெளியே நகரும் மூட்டு) பெயிண்டால் கோடு போடச் சொல்லுங்க, பழையபடியே மாட்டலாம். அவசரத்தில் பல பட்டறையில் இதை விட்டுவிடுவார்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் புது ஜாயிண்டும் அதிரும்.