பேச்சலர் ஷோ: கேஸ்டிங்கிலேயே ஆரம்பிக்கும் வம்பு

அமெரிக்காவில் ஏபிசி சேனலின் 'தி பேச்சலர்' 2002-ல் தொடங்கியது. பல பெண் போட்டியாளர்களிலிருந்து ஒரு ஆண் தன் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் ரியாலிட்டி ஷோ. சீசனுக்குச் சீசன் யாராவது ஒரு போட்டியாளரின் பழைய கதை கிளம்பும். "பேக்ரவுண்ட் செக்கே பண்ண மாட்டார்களா?" என்று உடனே ஒரு கூச்சல். பண்ணத்தான் செய்கிறார்கள்.

விண்ணப்பம், வீடியோ எல்லாம் தேறினால் லாஸ் ஏஞ்சல்ஸில் நேர்காணல், பக்கம் பக்கமாக ஒரு உளவியல் கேள்வித்தாள், மருத்துவப் பரிசோதனை. பிறகு, வெளி ஏஜென்சி ஒன்று கோர்ட், போலீஸ் பதிவுகளைத் தேடும். ஓட்டை அங்கேயே இருக்கிறது. ஒரு பெண் ஆண்களிலிருந்து ஜோடி தேடும் கிளை ஷோ 'பேச்சலரெட்'. 2018-ல் அதில் வந்த ஒருவருக்கு, 2016-ல் நடந்த பாலியல் அத்துமீறலுக்காக 2018 மே மாதம்தான் தண்டனை கிடைத்தது. சீசன் ஒளிபரப்பு தொடங்கியதும் அதே மே. ஏஜென்சி ரிப்போர்ட்டில் அந்த வழக்கைப் பற்றி எதுவுமே இல்லை, கேட்டபோது அவரும் மறுத்துவிட்டார் என்றது தயாரிப்பு நிறுவனம்.

ட்விட்டர், இன்ஸ்டா விஷயத்தில் இந்தச் சாக்கும் செல்லாது. போட்டியாளர் பட்டியல் வந்த கையோடு ரசிகர்கள் தோண்டி எடுத்துவிடுகிறார்களே! 2017-ல் ரேச்சல் லிண்ட்ஸே முதல் கறுப்பின பேச்சலரெட் ஆனார். அவரை மணக்க வந்தவர்களிலேயே ஒருவர் இனவெறி ட்வீட் போட்டவர். 2021-ல் மேட் ஜேம்ஸ் முதல் கறுப்பின பேச்சலர். அவர் தேர்ந்தெடுத்த பெண், அடிமைமுறைக் கால அமெரிக்கத் தென்மாநில பாணியில் 2018-ல் நடந்த ஒரு பார்ட்டியில் கலந்துகொண்ட படம் வெளியானது. தொகுப்பாளர் கிறிஸ் ஹாரிசன் அந்தப் பெண்ணுக்கு வக்காலத்து வாங்கினார். அதுவும் பேட்டி கண்ட ரேச்சல் லிண்ட்ஸேயிடமே. அந்த ஜூனில் ஹாரிசன் ஷோவை விட்டே போனார்.

கேஸ்டிங்கில் நிறபேதம் என்று 2012-ல் நாஷ்வில்லில் இரண்டு கறுப்பின ஆண்கள் வழக்கே போட்டார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது.

போட்டியாளர்கள் தங்கும் வீட்டுக்குள் நடக்கும் சண்டையில் பாதி, எடிட்டிங் மேஜையில் தயாராவது. தனியாக உட்காரவைத்து எடுக்கும் பேட்டிகளிலிருந்து வார்த்தைகளை வெட்டி, வேறு வாக்கியமாக ஒட்டுவார்கள். தொழிலில் 'ஃப்ராங்கன்பைட்' என்பார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. வில்லி விஷம் கக்கும் வரியில் அவர் வாய் தெரிகிறதா பாருங்கள். பாதி வாக்கியத்தில் இன்னொருத்தி முகத்துக்கோ ஒயின் கிளாஸுக்கோ கேமரா தாவி, குரலின் ஏற்ற இறக்கமும் சட்டென்று மாறினால், அந்த வரியை அவர் முழுசாகச் சொல்லியிருப்பார் என்று நம்ப வேண்டாம்.