கேட்கும் முகம்: டி. எஸ். பாலையா

‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். நாகேஷின் குரல் போய்விடும், வாயாலேயே அவர் எழுப்பும் சத்தங்களும் போய்விடும். ஆனாலும் எந்த இடத்தில் கதை இருளுக்குள் நுழைகிறது, எந்த இடத்தில் உச்சத்துக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் பாலையாவின் முகத்தில் இருக்கிறது.

1964இல் வந்த அந்தப் படத்தில் அவர் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். மகன் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று சினிமாக் கம்பெனி வைத்துக்கொண்டு பணத்துக்கு நச்சரிக்கிறான். சரி, கதையைத்தான் சொல்லேன் என்று உட்காருகிறார். அந்த உட்காரலில் ஒரு அதிகாரம் உண்டு. பயம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்ன வேண்டும். கண் முதலில் மாட்டிக்கொள்ளும், உடம்பு பிறகு. கடைசியில் அத்தனை பெரிய மனிதர் இருக்கைக்குள் ஒடுங்கிப்போவார். இந்தக் காட்சியை மேடையில் செய்துகாட்டுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் வரியிலேயே கண்ணை உருட்டிவிடுகிறார்கள். மூன்றாவது வரிக்குப் பயப்பட மிச்சம் எதுவும் இருக்காது. சொல்கிறவர் எவ்வளவு உயரப் போனாலும், கேட்பவர் ஒரு படி பின்னாலேயே ஏறினால்தான் சிரிப்பு வளரும். 1966இல் ‘ப்யார் கியே ஜா’ என்று இந்திக்குப் போனபோது மெஹமூதும் ஓம் பிரகாஷும் இதைச் செய்தார்கள். ஃபிலிம்பேர் விருது கதை சொன்ன மெஹமூதுக்குப் போனது. கேட்கும் நடிப்புக்கென்று ஒரு விருது இருந்திருந்தால் பாலையா வீட்டில் அலமாரி போதாது.

தூத்துக்குடிப் பக்கம் சுண்டங்கோட்டையில் 1914 ஆகஸ்ட் 23இல் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936) முதல் படம். எம்.ஜி.ஆரும் என்.எஸ்.கிருஷ்ணனும் திரைக்கு அறிமுகமானதும் அதே படத்தில்தான். எம்.ஜி.ஆருக்கு அதில் சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். பாலையாவுக்கோ வந்தவுடனேயே வில்லன், நாயகனைக் குடிக்குள் இழுத்துவிடும் சிநேகிதன். மறு வருடம் ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரே ருத்ரசேனன். மைக் வந்த புதிதில் மேடை நடிகர்கள் பலர் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தில் கத்தினார்கள். பாலையாவின் வில்லத்தனம் கத்தலை நம்பியதில்லை. சொல்லின் கடைசி எழுத்தை இழுப்பார், இழுத்த இடத்தில் ஒரு சிரிப்பை ஒட்டுவார். அந்தச் சிரிப்புதான் எதிராளியைக் குத்தும்.

ஒரு வில்லனுக்கு இருபது வருடம் சோறு போட இதுவே போதும். ‘மதுரை வீரன்’ (1956) நரசப்பன் வரை போட்டது. ஆனால் நடுவிலேயே அவர் வேறு வழிகளையும் திறந்துவைத்திருந்தார். அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் (1949) கே.ஆர்.ராமசாமிக்குத் தோள்கொடுக்கும் நண்பன் மணி. ‘தூக்குத் தூக்கி’யில் (1954) ‘நம்பள்கி நிம்பள்கி’ என்று தமிழை உடைத்துப் பேசும் சேட்டு. பிறகு ஐம்பது வயதில், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் பருவத்தில், அப்பாக்களின் வரிசை தொடங்குகிறது. ‘பாமா விஜயம்’, ‘ஊட்டி வரை உறவு’ இரண்டும் 1967. முன்னதில் மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள் நிறைந்த வீட்டைக் கட்டி மேய்க்கும் பெரியவர். பின்னதில் தன் ரகசியம் எந்த நேரத்தில் உடையுமோ என்று வேர்க்கும் பெரியவர்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தவில் வித்வான் முத்துராக்குவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தவிலின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள், தொப்பிப் பக்கத்தைக் கழியால் அடிப்பார்கள். ஒரு கைக்கு விரல் வேலை, மறு கைக்கு மணிக்கட்டு வேலை. தெரியாத நடிகர் இரண்டு கையையும் ஒரே மாதிரி ஆட்டிவிடுவார், உடனே பொய் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், வாசிக்காத நேரத்தில் என்ன செய்வது என்பது. நாயனக்காரர் ராகம் ஆலாபனை செய்யும்போது தவில்காரர் சும்மா இருப்பதில்லை. தலையசைத்து, நல்ல பிடி விழுந்தால் முகம் மலர்ந்து, தன் முறை வரும் இடத்தைக் காதால் பார்த்துக்கொண்டிருப்பார். பாலையா சிவாஜிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இடங்களில் இந்தக் காது தெரியும். மேடையை விட்டு இறங்கினாலும் முத்துராக்குவின் வேலை அதேதான்: சிவாஜி நடித்த சண்முகசுந்தரத்தின் கோபம் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று கவனித்து, அதற்கேற்பத் தாளம் போடுவது.

எனக்கு அவருடைய உச்சம் ‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதர்தான். பாலமுரளிகிருஷ்ணாவின் ‘ஒரு நாள் போதுமா’வுக்கு வாயசைக்க வேண்டும். கண்ணதாசன் ராகங்களின் பெயர்களையே வரிகளுக்குள் ஒளித்துவைத்த ராகமாலிகை அது. மாண்டில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகும். வாயசைப்பில் ஏமாற்ற முடியாத எழுத்துகள் ‘ப’வும் ‘ம’வும். உதடு மூடித் திறந்தே ஆக வேண்டும். ‘போதுமா’ என்ற ஒரு சொல்லிலேயே இரண்டும் இருக்கின்றன, பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கணம் பிந்தினாலும் பாடகர் வேறு, நடிகர் வேறு என்று பிரிந்துவிடும். பிருகா என்கிற வேகமான ஸ்வரச் சுழல்கள் விழும் இடங்களில் தாடையும் கழுத்தும் சேர்ந்து உழைக்க வேண்டும், கையும் வெட்டிக் கொடுக்க வேண்டும். அத்தனைக்கும் மேலே பாண்டிய நாட்டையே இளக்காரமாகப் பார்க்கும் செருக்கு முகத்தில் நிற்க வேண்டும். பாலையா பாடிக்கொண்டே சபையை அளக்கிறார்.

அதே மனிதர் அன்றிரவு, வெளியே ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்கிறார். போட்டியில் தனக்கு எதிரே பாட வேண்டிய பாணபத்திரர் ‘உனக்குப் பாட்டு வராது’ என்று தள்ளிவிட்ட ஆளாம். ஒரு பாடலுக்குள் அந்தச் செருக்கு முழுவதும் வடிய வேண்டும், அதையும் பாடாமல், பேசாமல். எரிச்சல் வியப்பாகி, வியப்பு திகைப்பாகி, கடைசியில் எஞ்சுவது பயம். பாண்டிய மன்னனோ சபையோ பார்க்காத நேரத்தில், விடிவதற்குள் ஊரை விட்டுக் கிளம்பிவிடும் அவசரம்.

1972 ஜூலை 22இல் பாலையா காலமானார். முப்பத்தாறு வருடத் திரை வாழ்க்கை. அடுத்த முறை அந்த ராகமாலிகையைக் கேட்டால், பாட்டோடு நிறுத்திவிடாமல் அந்த இரவு வரை பாருங்கள்.