இரண்டு புள்ளி, ஒரு மீன்

2009 அகழாய்வு அறிக்கையில் நான் எழுதிய வரி இது: "கல்லறை முன்பே கொள்ளையடிக்கப்பட்டுள்ளது. உள்ளே இருந்த பொருள்கள் பற்றித் தகவல் இல்லை." மாயா மக்களின் பழைய ஊர்கள் புதைந்து கிடக்கும் குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டில் வேலை பார்த்த எவருக்கும் இந்த வரி புதிதல்ல, எல்லாருடைய அறிக்கையிலும் நாலு இடத்திலாவது இருக்கும். என் அறிக்கையில் அது பொய்.

கொள்ளைச் சுரங்கங்களைச் சுத்தம் செய்து, சுவரைச் சீவி, அடுக்கு அடுக்காக வரைந்து வைப்பது எங்களுக்கு அன்றாட வேலை. மேட்டின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிற அந்த வழியில் பழைய கட்டடத்தின் மேல் புதிய கட்டடம் ஏறியது எல்லாம் அப்படியே தெரியும். சான் பர்த்தொலோ என்ற மாயா ஊரில் 2001ல் தொல்லியலாளர் வில்லியம் சட்டர்னோ வெயிலுக்கு ஒதுங்கியது இப்படி ஒரு குழியில்தான். விளக்கை அடித்துப் பார்த்தால் சுவரில் கி.மு. 100 வாக்கில் தீட்டிய ஓவியம். திருடர்கள் வெட்டிய வழியில் நடந்து நாங்கள் பெயர் வாங்கியிருக்கிறோம். என் முடிவை எனக்கு நானே நியாயப்படுத்தும்போதெல்லாம் இதில் வந்துதான் நிற்கிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் எங்கள் குழுவிலேயே நல்ல கை. மண்ணின் நிறம் மாறுவது என் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவர் கரண்டி நின்றுவிடும். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. 1996 வரை போர் நடந்த நாடு. சூயிங்கத்துக்கான சிக்கிள் பால் எடுப்பது, பூங்கொத்துக்கான ஷாத்தே பனை இலை வெட்டுவது, அப்புறம் புதையலுக்குக் குழி வெட்டுவது, காட்டுக்குள் காசு இப்படித்தான் வந்தது. குழி வெட்டுகிறவர்களுக்கு உவெச்சேரோ என்று பெயர், மண்ணைப் பறித்துக்கொண்டே போகும் ஆர்மடில்லோவின் மாயா மொழிப் பெயரிலிருந்து வந்தது.

அன்று சுரங்கத்துக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனேன். பின்னாலிருந்து அவர் சொன்னார், "இன்னும் ரெண்டு முழம் போங்க டாக்டர், இடது பக்கம் ஒரு கல் திண்ணை இருக்கும்." இருந்தது. இடிந்த மண்ணுக்கு அடியில், வெளியே ஒரு விளிம்புகூடத் தெரியாமல்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்காததே அவருக்குப் பதிலாகப் போய்விட்டது போல, அவர் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினார். தலை தெற்கே. முகத்தின் மேல் ஒரு தட்டு, கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டது. சொல்லும்போது உள்ளங்கையைக் கவிழ்த்து அந்தத் தட்டை மெதுவாக வைக்கிறது போல வைத்துக் காட்டினார். எலும்பெல்லாம் சிவப்புப் பொடி, ரெண்டு நாள் கழுவியும் நகக்கண்ணில் போகவில்லையாம். கை எலும்பு ஓரமாக உயரமான கோப்பை ஒன்று, விளிம்பைச் சுற்றி எழுத்து. அப்போது அவருக்கு வயது பதினேழு.

அந்த எழுத்தில் ஒன்று ஞாபகம் இருக்கிறது என்று, கரண்டி நுனியால் ஈர மண்ணில் வரைந்தார். ஒரு மீன். மீனுக்கு முன்னால் இரண்டு புள்ளி.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மாயா எழுத்தில் மீன் 'க' என்ற அசை. முன்னால் இரண்டு புள்ளி வைத்தால் அதை இரண்டு தடவை படிக்க வேண்டும். பின்னால் 'வ' சேர்ந்தால் ககவ், கொக்கோ. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், அந்தப் புள்ளிகளை அவர் கற்பனை செய்ய வழியே இல்லை. அது என்ன என்று கேட்டார். கொக்கோ குடிக்கிற கோப்பை, சொந்தக்காரர் பெயரும் அதிலேயே இருந்திருக்கும் என்றேன். "அப்ப அவர் பேரும் அதிலதான் போச்சா" என்றார். கரண்டியில் ஒட்டிய மண்ணைக் கட்டை விரலால் வழித்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"இதை எழுதப் போறீங்களா?"

"இல்ல, எழுத மாட்டேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. காலால் அந்த மீனைக் கலைத்துவிட்டு அவர் வெளியே போனார்.

நான் செய்தது சரிதான் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பண்பாட்டுச் சின்னங்களைப் பாதுகாக்க 1997ல் வந்த சட்டத்தில் சிறை உண்டு. பெயர் போடாமல் 'உள்ளூர்க்காரர் ஒருவர்' என்று எழுதியிருந்தால் போதாதா என்றால், எங்களிடம் இருந்ததே ஒன்பது பேர், அதில் அந்த வயதுக்காரர் ஒருவர்தான். கோப்பையை வாங்கியவன், விற்றவன், கண்ணாடிப் பேழையில் வைத்தவன் எவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குக் கிடைத்ததோ ஒரு மழைக்காலத்துக்குச் சோளம்.

ஆனால் பெத்தேனிலேயே உள்ள ரியோ அசூல் என்ற மாயா ஊரை நினைத்தால் இதெல்லாம் ஆட்டம் காண்கிறது. அந்த ஊரைத் திருடர்கள் சல்லடையாக்கியிருந்தார்கள். தப்பிய ஒரு கல்லறையில் 1984ல், திருகி மூடும் மூடியோடு ஒரு ஜாடி கிடைத்தது, அடியில் காய்ந்த கசடோடு. மாயா எழுத்து அறிஞர் டேவிட் ஸ்டூவர்ட் அதன் மேல் ககவ் என்று படித்தார், ஹெர்ஷே சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் கசடில் கொக்கோவைக் கண்டது. அதே ஜாடி சந்தை வழியாக வந்திருந்தால் கழுவித் துடைத்துப் பளபளவென்று வந்திருக்கும். கிடந்த இடம்தான் எங்களுக்கு எல்லாம். என் கல்லறைக்கு அந்த இடத்தை ஒரு மனிதர் முப்பது வருடம் தலையில் வைத்திருந்து, திசை முதற்கொண்டு கொடுத்தார். 'தகவல் இல்லை' என்று நான் எழுதினேன்.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது, இப்போது தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். அந்தக் கேள்வியை அவர் எந்தக் குரலில் கேட்டார்? பயந்து கேட்டார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். பயந்தவர் ஏன் வலிய வந்து சொல்ல வேண்டும், ஏன் வரைந்து காட்ட வேண்டும்? எழுதுங்கள் என்றுதான் கேட்டாரோ? அந்தப் பெயரைத் தான் எடுத்துக்கொண்டு போனதற்கு ஈடாக, இப்படி ஒரு கோப்பை இங்கே இருந்தது என்றாவது எங்காவது இருக்கட்டும் என்று? 'ஏன் கேக்குறீங்க' என்று ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். அதற்கப்புறம் நாலு பருவம் ஒரே குழியில் வேலை பார்த்தோம், ஒரே பானையில் காப்பி குடித்தோம், இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று ராத்திரியே என் சொந்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், மீனோடு, புள்ளியோடு. அதுவும் கொடுத்த வாக்கை மீறியதுதானே.

பெரியவர் இறந்து இரண்டு வருடமாகிறது. இனி வெளியிடலாம் என்று ஒரு மனம் சொல்கிறது. அவர் மகன் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறான், அதே கை. போன பருவத்தில் அந்த மேட்டுப் பக்கம் நடந்து வரும்போது, "அப்பா இந்த மேட்டைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா டாக்டர்?" என்று கேட்டான்.

"வேலையைப் பத்தித்தான் பேசுவார்" என்றேன்.